கல்லூரி உதவித்தொகை: பணம் இருக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறது?

பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து முதலாமாண்டு வகுப்பு தொடங்கும் வரை கொங்குப் பக்கத்தில், அதிலும் தறிக்குப் போகிற, பனியன் கம்பெனிக்குப் போகிற, தோட்டத்தில் கூலிக்குப் போகிற வீடுகளில், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "படிப்புச் செலவ கவர்மென்ட்டே ஏத்துக்குதுன்னு சொல்றாங்க. காலேஜுக்குப் போனா இந்த வாரத்துக்குள்ள அம்பதாயிரம் கட்டுங்கன்னு சொல்றாங்க. இதுல எதுங்க நெசம்?"

இரண்டுமே நிஜம்தான். அது எப்படி என்று புரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது, எப்போது தட்டுவது என்பது பிடிபடும். புரியாமல் போனால், கிடைக்க வேண்டிய பணம் கணக்கில் எங்கோ நிற்க, பிள்ளை செப்டம்பர் மாதத்தில் பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளுக்கு வேலைக்குப் போய்விடுகிறது.

‘உதவி’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று விஷயங்கள்

1. கட்டணச் சலுகை. இதில் பணம் உங்கள் கைக்கு வராது. கட்ட வேண்டிய தொகை குறையும், அல்லது மொத்தமாக இல்லாமல் போகும். முதல் பட்டதாரிச் சலுகை, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கான கட்டணம் ஆகியவை இந்த வகை.

2. உதவித்தொகை. இது மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வரும். பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் எல்லாம் இதில் சேரும். எப்போது வரும் என்பது வேறு கதை, கீழே பார்ப்போம்.

3. கல்விக் கடன். திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வட்டிக்கு அரசு மானியம் தரலாம், அசலுக்குத் தராது.

கல்லூரிச் சேர்க்கை மேஜையில் "ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம்" என்று சொல்பவர் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். சலுகை என்றால் ரசீதில் தொகை குறைந்திருக்க வேண்டும். உதவித்தொகை என்றால் முதலில் நீங்கள் கட்ட நேரிடலாம், பணம் பிறகு வரும். கடனையே உதவித்தொகை என்ற பெயரில் பேசுகிற ஆட்களும் உண்டு. கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது தவணை என்று தெரியவரும்.

சீட் எந்த வழியில் வந்தது?

கோவையிலிருந்து சேலம் வரை நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் பொறியியல் கல்லூரிகள் வரிசையாக இருப்பதால் நம் பக்கத்தில் சீட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்காரும் இரண்டு பேரில் ஒருவருக்கு அரசுப் பணம் உண்டு, இன்னொருவருக்குக் கிடையாது. காரணம், ஒருவர் கலந்தாய்வு வழியாக அரசு ஒதுக்கீட்டில் வந்தவர், மற்றவர் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்தவர்.

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தவர்கள் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. தொழிற்கல்விக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்திருக்க வேண்டும். வருமான வரம்பு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இது கிடையாது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பொருந்தாது.

கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்ட்டில் நடக்கிறது. ஏஜென்ட் மே மாதமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். "இப்பவே ஐயாயிரம் கட்டி சீட்டப் புடிச்சு வெச்சுக்கங்க, கவுன்சிலிங்ல கெடைக்காது" என்கிறார். அந்த ஐயாயிரத்தைக் கட்டி நிர்வாக ஒதுக்கீட்டில் பெயர் ஏறிவிட்டால் நான்கு வருடச் சலுகை கையை விட்டுப் போகிறது. அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில் கலந்தாய்வு வழியாகவே இடம் கிடைக்கிற அளவு மதிப்பெண் வைத்திருக்கிற பிள்ளைகளும் இந்த அவசரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் மனதை வருத்துகிறது. கலந்தாய்வு முடிகிற வரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை எங்கே படித்தார்?

இந்த ஒரு கேள்விக்குத்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டில் அதிக மதிப்பு.

- 7.5 சதவீத உள் ஒதுக்கீடு: 2020இல் மருத்துவத்துக்கும், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. தொழிற்கல்வியில் இந்த இடத்தில் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்பதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள்.
- புதுமைப் பெண்: 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய்.
- தமிழ்ப் புதல்வன்: மாணவர்களுக்கு அதே 1,000 ரூபாய். 2024 ஆகஸ்ட் 9இல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கிவைத்தார்கள்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. "எய்டட் ஸ்கூலும் கவர்மென்ட் ஸ்கூல்தானே" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் நிறைய.

இதில் நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பத்தாவதில் ஒரு பிள்ளை நானூற்று ஐம்பதுக்கு மேல் எடுத்துவிட்டால், "இனி இங்க வெச்சிருந்தா வீணாப் போயிடும்" என்று நாமக்கல், ராசிபுரம் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது இங்கே பல வருடப் பழக்கம். நகையை அடகு வைத்து, தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கி, இரண்டு வருடத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பிள்ளைமேல் உள்ள பாசத்தில் செய்வது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினொன்றாவதில் தனியார் பள்ளிக்கு மாறிய அன்றைக்கே அந்தப் பிள்ளை 7.5 சதவீதத்துக்கான தகுதியை இழக்கிறது. மாதம் 1,000 ரூபாயும் போகிறது, மூன்று வருடப் பட்டப்படிப்பு என்றால் 36,000, பொறியியல் என்றால் 48,000. தனியார் பள்ளியில் கூடுதலாக எடுக்கிற இருபது முப்பது மதிப்பெண்ணை வைத்து, பொதுப் போட்டியில் பிடிக்கிற இடத்தை, அரசுப் பள்ளியிலேயே இருந்திருந்தால் குறைந்த மதிப்பெண்ணில், கட்டணமே இல்லாமல், பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கணக்கை யாராவது பத்தாம் வகுப்பு முடிவு வருகிற அன்றைக்கு உட்கார்ந்து சொன்னால்தான் உண்டு. பன்னிரண்டாவது முடிந்து சொல்லிப் பயனில்லை.

சான்றிதழ்கள்: மூன்று தாள், மூன்று பிரச்சினை

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விஏஓ, ஆர்ஐ என்று போய் தாலுகா அலுவலகத்தில் முடிகிறது.

*வருமானம்.* போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கும், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான மாநில உதவித்தொகைக்கும் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். மாதத்துக்கு 20,833 ரூபாய். திருப்பூரில் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு நாள் கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள். இருவருக்கும் சேர்த்து 26,000. வருடத்துக்கு 3,12,000. வாடகை, வாரத்தவணை போக ஒன்றும் மிஞ்சாத இந்தக் குடும்பம் கணக்குப்படி வரம்புக்கு வெளியே நிற்கிறது. ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடிக் கிடந்த மாதங்களை யாரும் கழித்துப் பார்ப்பதில்லை. விஏஓவிடம் போகும்போது வருடம் முழுக்க உண்மையில் எத்தனை நாள் வேலை இருந்தது என்பதைச் சொல்லி, முடிந்தால் கூலிச் சீட்டையோ பாஸ்புக்கையோ காட்டி, சரியான தொகைக்குச் சான்று கேளுங்கள். பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. இந்த வரம்பை உயர்த்த வேண்டும் என்பது என் கருத்து. இரண்டு பேர் வேலைக்குப் போனால் படிப்பு உதவி இல்லை என்பது உழைக்கிற குடும்பத்துக்குத் தண்டனையாகிவிடுகிறது.

வரம்பைத் தாண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டாவதில் தங்கள் பிரிவில் முதல் இருபது சதவீதத்துக்குள் வந்தவர்கள் மத்திய அரசின் கல்லூரி உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு 4.5 லட்சம், பட்டப்படிப்புக்கு வருடம் 12,000 ரூபாய், ஆனால் வேறு உதவித்தொகை வாங்கக் கூடாது. பொறியியலோ பாலிடெக்னிக்கோ சேர்ந்த பெண் பிள்ளைகளுக்கு தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் பிரகதி உதவித்தொகை இருக்கிறது, வருடம் 50,000, வரம்பு 8 லட்சம், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு அதே தொகையில் சக்ஷம்.

*சாதி.* கொங்கு மாவட்டங்களில், பட்டியல் சாதியில் ஒரு பிரிவான அருந்ததியர் மக்கள் அதிகம். 2009இல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்பதை 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் எஸ்சி என்று பொதுவாகப் போட்டுவிட்டால் அந்த இடங்கள் கணக்கில் வராது, எஸ்சி(ஏ) என்று போட வேண்டும்.

இன்னொன்று இன்னும் கசப்பானது. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் இருக்கிற மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்தில் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கிற அதே மக்கள் இல்லை. பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சேலம், தர்மபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சி என்று மாவட்டங்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஈரோடு 1979 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது, கோவை அந்தப் பட்டியலில் இல்லை. மாவட்டக் கோடு எங்கே போனது என்பதை வைத்து ஒரு மலையில் பிள்ளைக்குப் பழங்குடியினர் உதவித்தொகை உண்டு, அடுத்த மலையில் இல்லை. இது இ-சேவை மையத்தில் தீர்கிற விஷயம் அல்ல, நாடாளுமன்றம் திருத்த வேண்டியது. அதுவரை அங்கிருந்து இறங்கி வருகிற பிள்ளைகளுக்கு, அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 7.5 சதவீதமும் மாதம் 1,000 ரூபாயும்தான் பிடிமானம்.

வங்கிக் கணக்கு: எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராததற்குக் காரணம்

விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று திரையில் பச்சையாக வந்துவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று.

1. ஆதார் கொடுத்தது வேறு, ஆதார் சீடிங் ஆனது வேறு. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்திருப்பீர்கள், அது அடையாளத்துக்கு. அரசுப் பணம் வருவது என்பிசிஐ என்கிற அமைப்பின் பட்டியலைப் பார்த்து. உங்கள் ஆதார் எண்ணுக்கு நேராக அதில் எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். அப்படி ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும், கடைசியாக எதை இணைத்தீர்களோ அது. ஏழாவது படிக்கும்போது பள்ளியில் தொடங்கிக் கொடுத்த கணக்கு, கல்லூரியில் சேர்ந்தபோது புதிதாகத் தொடங்கிய கணக்கு என்று இரண்டு இருந்தால், பணம் பழைய கணக்கில் போய்ச் சேர்ந்து, பிள்ளை புதிய பாஸ்புக்கை மாதா மாதம் மெஷினில் விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும். மைஆதார் இணையதளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற இடத்தில் ஓடிபி போட்டுப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். ஒன்றுமே இல்லை என்று வந்தால் கிளைக்குப் போய், அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கான "டிபிடி சீடிங் ஃபாரம் கொடுங்க" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். "ஆதார் லிங்க் பண்ணணும்" என்றால் "ஏற்கெனவே பண்ணியாச்சு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலைக் கிராமமாக இருந்தால் அஞ்சலகத்தின் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு சௌகரியம். தபால்காரரே கைரேகை மெஷினோடு வந்து கணக்கு தொடங்கி ஆதாரையும் இணைத்துக் கொடுப்பார்.

2. பெயர். நமக்கு இனிஷியல் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு அது புரிவதில்லை. மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா கே’, ஆதாரில் ‘கவிதா’, பாஸ்புக்கில் ‘கவிதா குமாரசாமி’. ஆள் ஒன்றுதான், பதிவு மூன்று. இதைச் சரிசெய்ய ஏற்றது மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே ஆதாரை மாற்றி, பிறகு வங்கியை மாற்றுவது. மதிப்பெண் பட்டியலை மாற்றுவதுதான் மிகக் கடினம் என்பதால் அதை வைத்து மற்றதை அமைக்க வேண்டும். இதை பதினொன்றாம் வகுப்பிலேயே முடித்துவிட்டால் நிம்மதி.

பணம் வருவதற்கு முன்பே கட்டணம் கேட்கிறார்களே?

முதலில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கு 2020-21 முதல் 2025-26 வரை 59,048 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை 2020 டிசம்பரில் முடிவெடுத்தது. மத்திய அரசு 60 சதவீதம், மாநில அரசு 40 சதவீதம். பணம் கல்லூரிக்குப் போகாமல் மாணவர் கணக்குக்குப் போக வேண்டும் என்பதும் அதில் உண்டு. நோக்கம் நல்லது. இல்லாத மாணவர் பெயரில் கல்லூரிகள் பணம் வாங்கியதைத் தடுக்க வந்த ஏற்பாடு. ஆனால் கல்லூரி கட்டணம் கேட்பது சேர்க்கை நாளில், பணம் வருவது மாதங்கள் கழித்து. அந்த இடைவெளியை யார் தாங்குவது? இப்போதைக்குத் தாங்குவது பிள்ளையின் அப்பா, கந்து வட்டிக்கு வாங்கி.

கையில் வைத்திருக்க வேண்டிய இரண்டு விஷயம். ஒன்று, 2012இல் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வெளியிட்ட அரசாணை எண் 92. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்த எஸ்சி, எஸ்டி மாணவரின், கட்டண நிர்ணயக் குழு நிர்ணயித்த கட்டணத்தை அரசு ஏற்பது பற்றியது. இரண்டு, முன்கூட்டிக் கட்டணம் கட்டாமல் சேர்வதற்காக மத்திய வழிகாட்டுதலில் இருக்கிற ஃப்ரீஷிப் கார்டு. இந்த இரண்டையும் பெயர் சொல்லி, எழுத்தில், தேதி போட்டுக் கல்லூரி முதல்வருக்கு மனுவாகக் கொடுங்கள், நகலில் கையொப்பமோ முத்திரையோ வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்கு ஒரு பதில், எழுத்துக்கு ஒரு பதில் என்பது எங்கேயும் நடப்பது. மறுத்தால் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கொடுக்கலாம், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம்.

பணம் கணக்குக்கு வந்த பிறகு இன்னொரு கண்டம். அதில் கல்லூரிக் கட்டணமும் இருக்கும். வீட்டில் அந்த மாதம் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போய் அந்தப் பணம் செலவாகிவிட்டால், வருடக் கடைசியில் ஹால் டிக்கெட் நிற்கும். கட்டண பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018இலேயே சொல்லியிருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிச் சண்டை போடுகிற தெம்பு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பணம் வந்த அன்றைக்கே கட்டி ரசீது வாங்கிவிடுவதுதான் பாதுகாப்பு.

கடைசியாகக் கடன்

4 லட்சம் வரை கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. 7.5 லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அடமானம் இல்லாமலே கொடுக்க வழியிருக்கிறது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

படிக்கும்போது தவணை இல்லை என்பதைப் பலர் வட்டி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கணக்கு: வருடம் ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், தனி வட்டிதான். முதல் லட்சத்துக்கு நான்கு வருட வட்டி 40,000, இரண்டாவதற்கு 30,000, அடுத்து 20,000, அடுத்து 10,000. படிப்பு முடியும்போது வட்டி மட்டும் ஒரு லட்சம். தவணை தொடங்கும் முன் இருக்கிற ஒரு வருடத்துக்கு இன்னொரு 40,000. ஆக வாங்கியது 4 லட்சம், முதல் தவணை கட்டும்போது பாக்கி 5.4 லட்சம்.

இந்த 1.4 லட்சத்தைத்தான் அரசு ஏற்கிறது, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் அல்லது என்பிஏ அமைப்பின் அங்கீகாரம் பெற்ற இடத்தில் தொழிற்படிப்பு படித்தால். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வருமானம் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு, ஆனால் தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். நீங்கள் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று சேர்வதற்கு முன்பே பாருங்கள். வருமானச் சான்றை வங்கிக் கிளையில் கொடுத்து மானியத்துக்குப் பெயர் பதிந்ததா என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்டால் மானியமும் போய்விடும்.

எதை எப்போது செய்வது

1. பத்தாவது முடிவு வரும்போது: பள்ளி மாற்றுகிற முடிவுக்கு முன் 7.5 சதவீதக் கணக்கு.
2. பதினொன்றாவதில்: பெயர் ஒத்துப்போகிறதா, ஆதாரில் உள்ள செல்போன் எண் இப்போதும் வீட்டில் இருக்கிறதா. அந்த எண் இல்லையென்றால் ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.
3. பன்னிரண்டாவது பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலில்: மூன்று சான்றிதழ், வங்கி சீடிங். முடிவு வந்த பிறகு தாலுகா ஆபீசில் கூட்டம் தாங்காது.
4. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில்: பள்ளியில் கொடுத்த மாணவர் பதிவு எண்ணான எமிஸ் எண்ணைக் கொடுத்து, கல்லூரிக்கான பதிவு எண்ணான யுமிஸ் எண் உருவாகிவிட்டதா என்று கேட்பது. மாநில அரசின் உதவித்தொகைகள் இப்போது அந்தப் பதிவு வழியாகத்தான் நகர்கின்றன. தங்க இடம் வேண்டுமென்றால் அரசுக் கல்லூரி விடுதிக்கும், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர், அப்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். தங்குவதும் சாப்பாடும் இலவசம்.
5. ஒவ்வொரு வருடமும்: புதுப்பித்தல். முதல் வருடம் ஆசிரியரோ அண்ணனோ உடன் இருந்து எல்லாம் செய்துகொடுத்திருப்பார்கள், இரண்டாம் வருடம் பிள்ளை தனியாக இருக்கும், தேதி தாண்டிப் போயிருக்கும்.

இதையெல்லாம் ஒரு குடும்பம் தானாகத் தெரிந்து செய்யும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஷிஃப்ட் முடிந்து வருகிற அம்மாவுக்கு இணையதளம் திறக்கிற நேரத்தில் தூக்கம் வரும், பகலில் தாலுகா ஆபீஸ் போனால் ஒரு நாள் கூலி போகும். உங்கள் தெருவில் கல்லூரி முடித்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பிள்ளையின் ஆதார், பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதிச் சிக்கல் தெரிந்துவிடும். ஓடிபியை மட்டும் போனில் யாரிடமும் சொல்லக் கூடாது, உதவித்தொகை அதிகாரி என்று சொல்லிப் பேசினாலும். சந்தேகம் என்றால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணுக்கு அழைத்து, எந்தச் சான்று பாக்கி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.